நான் ஏறினால் நிற்கும் வண்டி

போன வாரம் மகனோடு தோவாளையிலிருந்து கருங்கலுக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் வாழையிலையில் பொதிந்த பிச்சிப்பூ. நாகர்கோவிலில் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது, கார் நின்றது. அடுத்த நொடி இஞ்சின் சத்தமும் அடங்கிப்போனது. அவ்வளவுதான், என் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்.

"எம்மா! என்ன செய்யுத? கதவ அடை!" என்று கத்தினான் மகன்.

"வண்டி நின்னு போச்சுல்லா மக்கா."

"நின்னு போகல்லம்மா. சிக்னல்ல தானா ஆஃப் ஆவும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கதுக்கு. பிரேக்க விட்டா தானா ஸ்டார்ட் ஆயிரும்."

பச்சை விழுந்தது. அவன் சொன்னபடியே வண்டி ஒரு சின்ன உறுமலோடு கிளம்பியது. "ஒன்ன யாரும்மா எறங்கச் சொன்னது?" என்று வடசேரி தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு என்னவென்று விளக்குவது? இஞ்சின் நின்றால் நான் இறங்க வேண்டும் என்பது இந்த உடம்பில் ஊறிப்போன பாடம். இன்றைக்கும் எங்காவது ஒரு இஞ்சின் சட்டென்று அடங்கினால் சேலைக் கொசுவத்தைக் கை பிடித்துவிடுகிறது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பைக் இருந்தது. நான் ஏறினால் நிற்கும், இறங்கினால் ஓடும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.

பலர் ஓட்டிக் கை மாறிக் கை மாறி என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்த பழைய வண்டி அது. நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அது அங்கே இருந்ததால் அதை மூத்தவள் என்றுதான் சொல்வேன். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டிய வகை. தெருமுனை திரும்பும்போதே நீலப்புகை முன்னால் வந்து ஆளைச் சொல்லிவிடும். அவர் அப்போது ஒரு அண்டியாபீசில் சூப்பர்வைசராக இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொட்டை வறுக்கிற புகையும் பைக் புகையும் சேர்ந்து அவர் சட்டையில் ஒரு மணம் ஏறிக்கிடக்கும். நானோ நெய்யூரில் நர்ஸ். நாள் முழுக்க டெட்டாலை முகர்ந்துகொண்டு திரிந்த மூக்கு. முதல் வாரம் அந்தச் சட்டை மணத்தில் தலைவலி வந்தது. பிற்பாடு அந்த மணம் இல்லாவிட்டால் உறக்கம் வராமல் போனது. மூக்குக்கு ரோஷம் கிடையாது போலிருக்கிறது.

முதல் தடவை நின்றது விருந்துக்குப் போகும்போது. எங்கள் பக்கம் கல்யாணம் ஆனதும் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கோழியும் மீனும் தின்று தீர்க்க வேண்டும், ஒரு வீட்டை விட்டாலும் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்குத் தோவாளையில் என் அம்மா வீட்டில் விருந்து. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, அவர் தோளைப் பிடிப்பதா சீட்டைப் பிடிப்பதா என்ற குழப்பத்தில் உட்கார்ந்திருந்தேன். வில்லுக்குறி தாண்டினால் அப்போதெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் ஏலாதான், கண்ணுக்கு எட்டின தூரம் வயல். நடுவில் ஒரு கலுங்கு. வாய்க்கால் தண்ணீர் அடியில் ஓட, ரோடு அதன்மேல் ஒரு மேடு ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் கல்சுவர். அந்த மேட்டில் ஏறிக் குலுங்கி இறங்கும்போது வண்டி மூச்சை விட்டுவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை, சட்டென்று நின்றது.

இறங்கச் சொன்னார், இறங்கினேன். ஒரே சவுட்டு, ஸ்டார்ட் ஆகிவிட்டது. "பெட்ரோல்ல அழுக்கு இருக்கும்" என்றார். விருந்து முடிந்து திரும்பும்போது அதே கலுங்கில் மறுபடியும் நின்றது.  இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

அந்தக் கலுங்கில் மட்டும்தான் என்றில்லை. நெய்யூருக்கு என்னைக் கொண்டுவிடும்போது திங்கள்சந்தைப் பக்கம் குழி விழுந்த இடங்களில் நிற்கும், சில நாள் நிற்காது. நாலு நாள் ஒழுங்காக ஓடும். சரி, சீக்கு தீர்ந்தது என்று நினைக்கும்போது நின்று தொலைக்கும். ஆனால் அவர் தனியாக ஓட்டினால் ஒரு நாளும் நின்றதில்லை. கருங்கலில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த செல்லப்பண்ணன்தான் அதற்கு டாக்டர். ப்ளக்கை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரின் தம்பி ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கருங்கலைச் சுற்றி வந்தார். கலுங்கு வரைக்கும்கூடப் போய் வந்தார். வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

"எங்கிட்ட வந்தா நல்ல பிள்ளையாட்டுல்லா ஓடுது" என்றார் செல்லப்பண்ணன்.

எனக்கு இது புதிதில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் காய்ச்சல் இறங்கி, அவர் வார்டைத் தாண்டியதும் போர்வைக்குள் நடுங்கும் நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சீக்குக்கு எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செல்லப்பண்ணனும் கேட்டார். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நிற்கிறது, நின்று எடுத்தால் ஓடுகிறது. அப்படியானால் சூடு. ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலில்தான் கோளாறு என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"காயிலு சூடாவுது தம்பி. நின்னா ஒடனே சவுட்டாண்டாம். ஸ்டார்ட் ஆவும், ஆனா சூட்டோட ஓட்டினா காயிலு கரிஞ்சு போவும். ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆற விடணும், கேட்டியா?"

சுத்தமாகத் தப்பான வைத்தியம். ஆனால் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மருந்துகளிலேயே நல்ல மருந்து அதுதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சின்ன வீடு. ஓடு போட்டது. அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது மேலே கூரை வரைக்கும் போகாது. மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, வீட்டுக்காரருடைய தம்பிமார், டைப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி ரோஸ்லின், போகவரச் சொந்தக்காரர்கள். எங்கள் அறையில் நான் ஒரு தும்மல் தும்மினால் அடுக்களையிலிருந்து, "மோளே, சுக்கு வெள்ளம் போடட்டா?" என்று மாமி குரல் வரும். அன்பான மனுஷிதான். அந்த அன்புக்குப் பயந்துதான் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. கட்டின புருஷனோடு ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் கண்ஜாடை. அவரும் வீட்டில், "காப்பி இருக்கா?" என்பதைத் தாண்டிப் பேசினதில்லை. இவருக்குப் பேச்சே வராதோ என்றுகூட நான் பயந்திருக்கிறேன்.

கலுங்கில்தான் தெரிந்தது, மனுஷனுக்கு எவ்வளவு பேச்சு உள்ளே கிடக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போய்வரும்போது வண்டி நிற்கும், நான் இறங்குவேன், அவர் அதைப் புளியமர நிழலில் ஒதுக்கி நிறுத்துவார். பிறகு டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அதை ஒரு இடத்திலும் போட்டுத் திருகமாட்டார். சும்மா கையில் இருக்கும். முதலில் எனக்குப் புரியவில்லை, எதற்கு இது என்று கேட்டேன். "இது கையில இருந்தா நாம வண்டி ரிப்பேரு பாக்கியோம். இல்லேண்ணு வெச்சா ரெண்டுபேரும் ரோட்டுல இருந்து கொஞ்சுதோம்ணு ஊரு பறையும்" என்றார். சத்தியமான பேச்சு. அந்தக் காலத்தில் புருஷனும் பெண்சாதியும் காரணமில்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்தால் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் கருங்கல் போய்ச் சேர்ந்துவிடும். நின்றுபோன வண்டி ஒன்று பக்கத்தில் இருந்தால் கதை வேறு. எல்லோருக்கும் இரக்கம்தான் வரும்.

இரக்கம் என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. அந்த வழியாகப் போகிற ஒருவரும் சும்மா போகமாட்டார்கள். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி, "என்ன, வண்டி நின்னு போச்சா?" என்பார். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டி, "ப்ளக்க கழத்தித் தொட" என்று சொல்லிவிட்டுப் போவார். வயலில் நின்றவர் கை மண்ணைக் கழுவிவிட்டு ஏறி வந்து, டேங்க் மூடியைத் திறந்து ஒரு ஊது ஊதிவிட்டுப் போவார். பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்த ஒருவர் குடையால் வண்டியைத் தட்டிப் பார்த்து, "வித்துருங்க" என்றார். எல்லோருக்கும் என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "ஆறட்டும்ணு வெச்சிருக்கேன்" என்பார். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போன பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என்னதான் பேசினோம்? இப்போது யோசித்தால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனைக்குட்டி மாதிரி இருக்கிற மனுஷனுக்குக் கோழியைக் கண்டால் பயம், சின்னதில் கொத்தியதாம். விருந்துக்குப் போன வீடுகளிலெல்லாம் கோழியை ஒரு வெறியோடு தின்றது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் முதன்முதலாகப் பிரசவ வார்டில் நின்ற அன்று, பிள்ளை பிறந்ததும் தாயைவிடப் பெரிதாக நான் அழுது, சிஸ்டரிடம் ஏச்சு வாங்கின கதையைச் சொன்னேன். அதை அதற்கு முன்னால் ஒருவரிடமும் சொன்னதில்லை. சில நாள் கீர்த்தனை பாடுவார். எங்கள் சபைக் கோவிலில் வாயசைப்பதோடு சரி, கலுங்கில் மட்டும் தொண்டையைத் திறப்பார். சுதி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். "பாடாதிய, வண்டி இன்னும் சூடாவும்" என்பேன். ஏலாவில் கொக்குகள் எழும்பிப் பறக்கும். அது இவர் பாட்டைக் கேட்டுத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அந்தச் சிரிப்பெல்லாம் நாங்கள் அந்த வீட்டுச் சுவர்களுக்குள் ஒரு நாளும் சிரித்ததில்லை.

இதற்கு நடுவே வீட்டில் வேறொரு பேச்சு முளைத்துவிட்டது. "இவன் தனியே போனா நிக்கல்ல, தம்பி கேறினா நிக்கல்ல. அவ கேறினாத்தான் நிக்கியது" என்று மாமி கிணற்றடியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், ராசி பார்க்கக்கூடாது. அதனால் மாமி ராசி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, பொருளை மட்டும் சொன்னார். அதுவும் வளைகுடா வேலைக்கு என் வீட்டுக்காரருக்கு விசா வருமா வராதா என்று எல்லோரும் காத்திருந்த நேரம். வண்டியை நிறுத்துகிறவள் விசாவையும் நிறுத்திவிட்டால்? கடைசியில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த உபதேசியாரிடம் சொல்லி வண்டிக்கு ஜெபம் வைத்தார்கள். உபதேசியார் டேங்கின் மேல் கையை வைத்து, இந்த வாகனத்தைத் தடைசெய்கிற சகல வல்லமைகளும் அகன்று போகும்படி உருக்கமாக ஜெபித்தார். அந்த வல்லமையாகிய நான் முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கலுங்கில் வண்டி நின்றது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்தேன் நான், உட்காரத்தானே செய்தேன்? அவர் சிரிப்பை நிறுத்தி, ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏட்டி, நிக்கட்டும். இது நிக்காட்டா நான் ஒங்கிட்ட எப்பம் பேச?"

கல்யாணம் ஆகி அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு உயர்ந்தது இதுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்கவில்லை. மாமி ஒரு நாள், "மோளே, வண்டிய கெடுக்காண்டாம். நீ பஸ்ஸில போயேன்" என்றபோது அவரே, "வேண்டாம்மா, நான் ஆற வெச்சு எடுத்துக்கிடுவேன்" என்று முந்திக்கொண்டு சொன்னார். பெற்ற தாயிடம் அவர் மறுத்துப் பேசியதை அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்டிருக்கும்.

விசா வந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. போவதற்குள் இன்னும் எத்தனை ஞாயிறு, எத்தனை தடவை நிற்கும் என்று. வண்டி நிற்காத நாள் எனக்கு நஷ்டமான நாளாகத் தோன்றியது. எந்தப் பெண்ணாவது வண்டி நிற்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்பாளா? நான் கேட்டேன். உபதேசியாரின் ஜெபத்துக்கு எதிர் ஜெபம்.

அந்த நேரம் பார்த்து ரோஸ்லினுக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. அவளுக்கு அண்ணனும் பெரிது, மைனியும் பெரிது. ஒரு நாள் சாப்பிடும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"மைனிய எல்லாரும் குத்தம் சொல்லுதியளே, வண்டிய ஓட்டிப் பாத்தது பூரா ஆம்பளையள்தானே? எல்லாவனும் ரெண்டு பக்கமும் கால போட்டுத்தானே கேறினிய? மைனிய மாதிரி ஒரு பக்கமா இருந்து எவனாவது பாத்தானா?"

 என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவரை இழுத்துக்கொண்டு போய், தாவணியை இடுப்பில் செருகி, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்து கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். "மைனீ! நின்னு போச்சு! எனக்கும் நின்னு போச்சு!" எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்தபோதுகூட அவள் அப்படிக் கத்தியிருக்கமாட்டாள். பின்னால் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ரிசல்ட் சந்தோஷம் ஒன்றையும் காணோம்.

செல்லப்பண்ணன் சீட்டைக் கழற்றினார். சீட்டுக்கு அடியில் இருக்கும் தகரம் இடது ஓரத்தில் துருவேறி மடங்கிக் கிடந்தது. அதற்கு நேர் கீழே ஒரு வயர். சாவியை ஆஃப் செய்தால் இஞ்சினை நிறுத்துகிற வயர் அதுதானாம். அது வண்டியின் இரும்பில் பட்டால் போதும், சாவியைத் திருப்பியதும் ஒன்று, வயர் தொட்டதும் ஒன்று. மேல்தோல் உரசி உரசித் தேய்ந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் நடுவில் உட்கார்ந்தால் தகரம் அங்கே எட்டாது. நாங்கள் இடது பக்கம் காலைப் போட்டு, எங்கள் பாரம் முழுவதையும் அந்த ஓரத்தில் இறக்கி, அதோடு ஒரு மேட்டில் குலுங்கவும் செய்தால் தகரம் வயரைத் தொட்டுவிடும். இறங்கினால் சீட்டு எழும்பிவிடும், பிறகு என்ன, வண்டி ஓடும். சூடும் இல்லை, காயிலும் இல்லை, வல்லமையும் இல்லை.

"இத்தன நாளும் ஒரு பெம்பிளைய கேத்திப் பாக்கணும்ணு தோணல்லியே" என்று செல்லப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வயரைச் சுற்றிக் கட்டினார். தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம்தான். வேலை முடிந்தது.

எனக்கு விடுதலைத் தீர்ப்பு.  ராத்திரி சோற்றுக்கு நெய்மீன் குழம்பு. ஆண்களுக்கு வைக்கும் முன்னால் மாமி சதைப்பற்றான நடுக்கண்டத்தை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதற்குமேல் ஒரு மாமியாரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? நான் அந்த மீனை உதிர்த்து உதிர்த்துத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.  எதிரில் அவரும் முள்ளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. நெய்யூருக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை கலுங்கு வரும்போது அவர் வேகத்தைக் குறைப்பார். மேடு ஏறும், குலுங்கும், இறங்கும், இஞ்சின் அது பாட்டுக்கு ஓடும். நான் சீட்டின் ஓரத்துக்கு இன்னும் நகர்ந்து பார்த்தேன். குலுங்கும்போது வேண்டுமென்றே ஒரு எம்பு எம்பி உட்கார்ந்தும் பார்த்தேன். அம்மா வீட்டுச் சோறு எனக்கு அப்படியொன்றும் குறைவாக ஏறவில்லை, ஆனாலும் சைக்கிள் டியூப் அசையவில்லை.

"நல்லா ஓடுதுல்லா?" என்பார் அவர், திரும்பாமல்.

"ஆமா, நல்லா ஓடுது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

பயணத்துக்கு முந்தின நாள் தோவாளையில் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். மறுநாள் வேனில் ஒரு படையே திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப இருந்தது. வளைகுடாவுக்கு ஒருவர் போனால் வழியனுப்ப ஒரு வேன் ஆட்கள் போவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வேனில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நடுவில் மாமி இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆக, தோவாளையிலிருந்து திரும்பி வருகிற அந்தச் சாயங்காலம்தான் எங்களுக்கு மிச்சம்.

கலுங்கு மேடு ஏறி இறங்கியதும் வண்டி நின்றது.

"நின்னுட்டு" என்றார்.

நான் இறங்கினேன். இறங்கும்போது பார்த்துவிட்டேன், அவர் கை சாவியை விட்டு அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.  பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல், "வயரு பின்னயும் தேஞ்சிருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்ல. சூடாவிருக்கும்."

"அப்ப ஆறட்டும்."

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்தார். கலுங்குச் சுவரில் உட்கார்ந்தோம். அடியில் வாய்க்கால் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி, கேட்டியா…" என்று தொடங்கினார்.

சைக்கிள் மணி அடித்தது.

கேரியரில் ஏத்தன் வாழைக்குலை கட்டிய ஒருவர். நல்ல மனுஷன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலை ஊன்றி, "என்ன தம்பி, வண்டி நின்னு போச்சா?" என்றார்.

"இல்லண்ணே, சும்மா, ஆறட்டும்ணு…"

"பொம்பளப் பிள்ளைய வெச்சுக்கிட்டு இருட்டுற நேரத்துல என்னத்த ஆற? நான் பாக்கேன்."

சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். குலை சரியாமல் இருக்கக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்தார். நான் மனதுக்குள், போயிரும், போயிரும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து ப்ளக் வயரை ஆட்டிப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தவர் கண் சாவியில் போய் நின்றது.

"எம்மாடி! தம்பி, சாவி ஆஃப்ல கெடக்கு!"

திருப்பினார், ஒரு சவுட்டு. வண்டி நீலப்புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. குருடனுக்குக் கண் கொடுத்தவர் மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "புதுசா கெட்டினவியளா? அதான். பாத்துப் போங்க மக்களே" என்று சொல்லிவிட்டு, நாங்கள் ஏறிக் கிளம்பும்வரை வழிகாட்டுகிறவர் போல அங்கேயே நின்றார். வேறு என்ன செய்ய? ஏறினோம்.

பின்னாலிருந்து பார்த்தேன், அவருடைய இரண்டு காதும் சிவந்துபோயிருந்தன. நான் முதல் முறையாக ஊர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தேன். வில்லுக்குறி போவதற்குள் அந்தச் சட்டை நனைந்துவிட்டது.  அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

பிறகு என்ன, எல்லா வளைகுடா வீட்டுக் கதைதான். லீவில் வருவார், வீடு நிறைந்திருக்கும், பிள்ளைகள் கழுத்தில் தொங்கும், பெட்டியைப் பிரிப்பார்கள், அதற்குள் லீவு முடிந்துவிடும். பைக்கை அவருடைய தம்பி கடற்கரையில் இனயத்தில் ஒரு மீன்காரருக்குக் கொடுத்துவிட்டான். நான் உட்கார்ந்த இடத்தில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அது போவதை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நிற்காமல்தான் போனது. ஒரு லீவில் துணிந்து கேட்டேன், அன்றைக்குக் கலுங்கில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று. யோசித்துப் பார்த்தார்.

"சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல ஏட்டி. சும்மா கொஞ்ச நேரம் ஒங்கூட இருக்கணும்போல இருந்து. மொத்தமா வந்த பெறவு இருப்போம், எங்க போயிரப் போவுது கலுங்கு?"

மொத்தமாகத் திரும்பி வந்தபோது அவருக்கு நெஞ்சில் கோளாறு. அந்தக் கோளாறும் டாக்டர் முன்னால் ஒழுங்காக இருந்தது. எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்று நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். அது ஒரேயடியாகத் தன்னைக் காட்டியது. பின் சீட்டில் இருந்த பிச்சிப்பூ அவர் கல்லறைக்குத்தான். மறுநாள் நினைவுநாள் ஜெபம்.

கார் வில்லுக்குறி நோக்கி நான்கு வழிச்சாலையில் பறந்துகொண்டிருந்தது. ஏலாவைக் காணோம், புளியமரத்தைக் காணோம். வேளிமலையின் சரிவு ஒன்றைத்தான் அடையாளம் வைத்திருந்தேன். அது நேராக வந்ததும், "மக்கா, இங்க கொஞ்சம் நிறுத்து" என்றேன்.

"இங்கயா? நிறுத்தப்பிடாதும்மா. பின்னால லாரி வருது."

என் முகத்தில் எதைப் பார்த்தானோ, கொஞ்ச தூரம் தள்ளி ஓரத்தில் ஒதுக்கி, அந்த மஞ்சள் விளக்குகளை மின்ன விட்டு நிறுத்தினான். நான் இறங்கி நின்றேன். வாய்க்கால் எந்தக் குழாய்க்குள் போகிறதோ தெரியவில்லை. இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். உட்காரத் தோதான சுவர் அது இல்லை.

வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. கார், லாரி, பஸ், பைக்கில் தலைக்கவசம் போட்ட பிள்ளைகள். வயதான ஒரு பொம்பளை ரோட்டோரம் நிற்கிறாள், பக்கத்தில் விளக்கு மின்னிக்கொண்டு ஒரு கார் நிற்கிறது. யாராவது ஒருவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டி, என்ன, வண்டி நின்னு போச்சா என்று கேட்பார் என்றுதான் நின்றேன். அன்றைக்கு ஏத்தன்குலையோடு வந்த அந்த மனுஷன் போய்விடமாட்டானா என்று எவ்வளவு கெஞ்சினேன்.

"போலாமாம்மா?" என்றான் மகன்.

"பொறு மக்கா. ஆறட்டும்."

"என்னது ஆற? வண்டிக்கு ஒண்ணும் இல்லியே."

கொஞ்ச நேரம் நின்றோம். கடைசிவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.